செல்லாக் பாலிஷ் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேக்குக் கதவுக்கோ பழைய ஊஞ்சல் பலகைக்கோ செல்லாக் (அரக்குப் பிசினை ஸ்பிரிட்டில், அதாவது ஆல்கஹாலில், கரைத்துச் செய்யும் பாலிஷ்) பூச நினைப்பவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பெயின்ட்டோ பி.யு. (பாலியூரிதேன்) பூச்சோ ஒரு முறை காய்ந்து இறுகிவிட்டால், அதைக் கலக்கிய திரவம் திரும்ப அதைக் கரைக்காது. செல்லாக் அப்படியில்லை. ஸ்பிரிட் பட்டால், காய்ந்து பல வருடம் ஆனதுகூட மறுபடி இளகும். இரண்டாவது கோட் போடும்போது முதல் கோட்டின் மேற்பரப்பு கரைந்து இரண்டும் ஒன்றாகிவிடும். இதை மறந்து, பெயின்ட் அடிப்பது போலவே செல்லாக்கையும் பூசுவதால்தான் பெரும்பாலான கோளாறுகள் வருகின்றன.

தவறு பெரும்பாலும் கடையிலேயே ஆரம்பித்துவிடும். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் குசும், பலாசு, இலந்தை மரங்களின் சிறு கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின்தான் செல்லாக். அதைச் சுத்தம் செய்து, மெல்லிய செதில்களாகவோ பட்டன் வடிவிலோ விற்கிறார்கள். செதில்களாக வாங்கி நாமே கரைத்துக்கொள்வதுதான் நல்லது. ஸ்பிரிட்டில் கரைத்த நாளிலிருந்தே செல்லாக் மெல்ல மெல்லக் கெட ஆரம்பித்துவிடும். பிசினில் உள்ள அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து வினை புரிவதே காரணம். பழைய கரைசலைப் பூசினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எத்தனை நாள் விட்டாலும் விரல் ஒட்டும், நகம் பதியும். காத்திருந்து பயனில்லை, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து எடுப்பது ஒன்றுதான் வழி. ஆகவே கலந்த தேதியை பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதம் தாண்டியது என்றால் ஒரு கண்ணாடித் துண்டில் தடவி மறுநாள் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, சுரண்டினால் உடைந்து வரும் அளவுக்குக் காய்ந்திருந்தால் பயன்படுத்தலாம். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் நல்ல மரத்தின் மேல் போடாதீர்கள்.

செதிலுக்கும் ஆயுள் உண்டு. வெயில் படும் அலமாரியில் கிடந்து பழையதானால் அது ஸ்பிரிட்டில் முழுசாகக் கரையாமல் ஜெல்லி மாதிரி அடியில் நிற்கும். நிறம் நீக்கி வெளுக்கப்பட்ட செல்லாக் மற்ற வகைகளைவிடச் சீக்கிரம் இப்படி ஆகும். அதை மட்டும் அப்போதைய வேலைக்குத் தேவையான அளவே வாங்குங்கள்.

ஸ்பிரிட் விஷயத்தில் சிக்கனம் பார்ப்பது பெரிய தவறு. செல்லாக்கைக் கரைப்பது ஆல்கஹால். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பூச்சுக்கான தின்னரும் டர்பன்டைனும் இதற்கு உதவாது. மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் வேண்டாம், மீதி 30 சதவீதம் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் பூச்சுக்குள் சிக்கி வெண்மையாகப் படியும். மெத்தனால் கலந்த ஸ்பிரிட்டில் செல்லாக் நன்றாகவே கரையும், ஆனால் அது பார்வையையும் உயிரையும் பறிக்கும் நஞ்சு. மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலில் சேரும். லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள். எந்த ஸ்பிரிட்டாக இருந்தாலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஸ்பிரிட்டிலிருந்து எழும் ஆவி எப்போதும் தீப்பிடிக்கும் நிலையில்தான் இருக்கும், எனவே அந்த அறையில் அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் கூடாது. கலக்க இரும்புப் பாத்திரம் வேண்டாம், செல்லாக் கறுத்துவிடும். கண்ணாடி பாட்டிலே போதும்.

அடுத்தது அடர்த்தி. நான்கு கோட் வேலையை இரண்டு கோட்டில் முடிக்கலாம் என்று கெட்டியாகக் கலப்பவர்கள் நிறையப் பேர். பிரஷ்ஷில் அடிக்க 1 லிட்டர் ஸ்பிரிட்டுக்கு சுமார் 240 கிராம் செதில் போதும். முதல் கோட்டுக்கும், துணியைப் பந்தாகச் சுருட்டிக் கரைசலில் தொட்டுத் தேய்ப்பதற்கும் 120 கிராம்கூடப் போதும். முதல் நாள் இரவே ஊறப்போட்டு, அவ்வப்போது குலுக்கிவிட்டு, மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கெட்டியாகப் பூசினால் மேல்பக்கம் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், பிரஷ் தடம் அப்படியே நிலைத்துவிடும், பிறகு வெடிப்பும் விடலாம். மெல்லிய கோட்டாக எத்தனை போட்டாலும் அவை ஒன்றோடொன்று கரைந்து ஒரே படலமாக ஆகிவிடும். அதனால் அவசரப்பட்டு எந்த லாபமும் இல்லை.

கைப்பழக்கத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். பூசிய இடத்தில் ஒரு திட்டு விட்டுப்போனது தெரிந்தால் கை தானாகத் திரும்பிப் போகும். போகவே கூடாது. செல்லாக் ஒரு நிமிடத்துக்குள் இழுக்க ஆரம்பித்துவிடும். பாதி காய்ந்த இடத்தில் பிரஷ் பட்டால் அது பிசுபிசுவென்று இழுபட்டு வரி வரியாக நிற்கும். விட்டுப்போனதை அடுத்த கோட் மூடிக்கொள்ளும், அப்படியே விடுங்கள். துணிப் பந்து என்றால் அது மரத்தின் மேல் ஓரிடத்தில் நிற்கவே கூடாது. நகர்ந்துகொண்டே வந்து தொட்டு, நகர்ந்துகொண்டே விலக வேண்டும். ஒரு நொடி நின்றாலும் கீழே உள்ள கோட் கரைந்து பந்தோடு ஒட்டிவரும். பந்து வழுக்கிப் போக லின்சீட் ஆயில் ஒரு சொட்டு போதும். எண்ணெய் அதிகமானால் அது பூச்சுக்குள் தங்கி, சில நாளில் மங்கலாகத் தெரியும். எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டு அப்புறம் குப்பையில் போடுங்கள்.

ஒரு கோட் காய ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். பிறகு 320 அல்லது 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கும்போது வெள்ளைத் தூளாக உதிர வேண்டும். தாளில் பிசினாக உருண்டு ஒட்டினால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை எடுக்கவே வேண்டாம் என்பது என் திடமான கருத்து. ஸ்பிரிட் வேகமாக ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்கிறது, காற்றில் உள்ள ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. பூச்சு பால் போல வெளுத்துவிடும். அப்படி ஆனாலும் பதறிச் சுரண்ட வேண்டாம். வெயில் அடிக்கும் ஒரு நாள் பார்த்து, ஸ்பிரிட் லேசாக ஏறிய துணிப் பந்தால் ஒரு முறை வருடினால் பூச்சு இளகி, சிக்கிய ஈரம் வெளியேறிப் பெரும்பாலும் தெளிந்துவிடும். அதற்காக நேரடி வெயிலில் வைத்துப் பூசுவதும் தவறு. பிரஷ் நகரும் முன்பே காய்ந்துவிடும்.

சாப்பாட்டு மேஜைக்கும் சமையலறைப் பலகைக்கும் செல்லாக்கை மேல் பூச்சாகப் போடாதீர்கள். சூடான டம்ளர் வைத்தால் வளையம் விழும். அமோனியா கலந்த துடைக்கும் திரவமும் படலத்தை அரிக்கும். அங்கே பி.யு. தான் சரி. தேக்கின் நிறம் செல்லாக்கில் தெரிவது போல வேண்டுமென்றால் அடியில் ஒரு கோட் செல்லாக் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது மெழுகு நீக்கிய வகையாக இருக்க வேண்டும். சாதாரண செல்லாக்கில் சில சதவீதம் இயற்கை மெழுகு இருக்கிறது, அதன் மேல் பி.யு. சரியாகப் பிடிக்காமல் நாளடைவில் உரியும். மெழுகு நீக்கியது கிடைக்கவில்லையா? கரைசலை சில நாள் அசைக்காமல் வைத்தால் மெழுகு கலங்கலாக அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் மெதுவாக வேறு பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.