ஸ்ட்ரிங்ஸ் கலங்கலாகக் கேட்கிறதா? அடியில் பாருங்கள்

உங்கள் இசையில் வயலின், வியோலா, செலோ என்று ஸ்ட்ரிங்ஸுக்கு (தந்திக் கருவிகளுக்கு) எல்லாம் எழுதியும் கலங்கலாகவே கேட்டால், கோளாறு பெரும்பாலும் கீழ் ஸ்தாயியில்தான். அங்கே சி, ஈ, ஜி (C, E, G) சுரங்களை நெருக்கி வைத்தால் மேல்சுரங்கள் (ஒவ்வொரு சுரத்தோடும் சேர்ந்தே மெல்ல ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்) ஒன்றோடொன்று உரசி இரைச்சலாகிவிடும், அதனால் செலோவின் கீழ் இரண்டு தந்திகளான சி, ஜி இரண்டை மட்டும் அதற்கு விட்டுவிட்டு ஈ-யை ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே ஏற்றி வியோலாவிடம் கொடுங்கள், எவ்வளவு தெளிகிறது என்று நீங்களே கேட்பீர்கள்.

அப்புறம், கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) மாறும்போது இரண்டுக்கும் பொதுவான சுரத்தை அதே கருவியில் நிறுத்துங்கள். சி மேஜரிலிருந்து (சி, ஈ, ஜி) ஏ மைனருக்கு (ஏ, சி, ஈ) போக, மேல் பார்ட்டுகளில் ஜி மட்டும் ஏ ஆனால் போதும், பேஸ் (எல்லாவற்றுக்கும் கீழே ஒலிக்கும் பார்ட்) ஏ-க்கு இறங்கட்டும்.

வயலினுக்கு மிடில் சி-க்கு (பியானோவின் நடுவில் இருக்கும் சி) கீழே இருக்கும் ஜி-யைத் தாண்டிக் கீழே எழுதாதீர்கள். கம்ப்யூட்டரில் ஒலித்தாலும், வழக்கமான சுதியில் வாசிப்பவருக்கு அங்கே தந்தியே கிடையாது.