கர்ப்பகாலத்தில் எக்நொக்கும் முட்டைக்கோப்பியும்: பாதுகாப்பாகக் குடிக்கும் முறை

நத்தாருக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் உறவினர்கள் எக்நொக் என்று சொல்லும், முட்டையும் பாலும் சீனியும் அடித்துப் பிராந்தி கலக்கும் பானம் யாழ்ப்பாணத்துக்கு அவ்வளவு புதியதல்ல. அதில் பாலுக்குப் பதிலாகக் கோப்பியை ஊற்றினால், சாமத்தியப்பட்ட பிள்ளைக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் நம் வீடுகளில் அடித்துக் கொடுக்கும் முட்டைக்கோப்பி வந்துவிடும். இரண்டிலும் கர்ப்பிணித் தாய் அஞ்ச வேண்டியவை வேகாத முட்டையும் பிராந்தியுமே. முட்டையை வேகவைத்து, பிராந்தியை விட்டுவிட்டால், இந்தப் பானத்தைத் தாராளமாகக் குடிக்கலாம்.

பச்சை முட்டையில் சல்மொனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும். அது ஓட்டின் மேல் மட்டுமன்றி, கோழியின் உடலில் ஓடு உருவாகும் முன்பே உள்ளேயும் புகுந்துவிடுவதால், முட்டையை எவ்வளவு கழுவினாலும் ஆபத்து முழுமையாக நீங்காது. ஊர்க்கோழி முட்டை என்றால் பயமில்லை என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. முற்றத்தில் மேயும் கோழிக்கும் இந்தக் கிருமி தொற்றும். லண்டனில் இருக்கும் மச்சாள், அங்கே கர்ப்பிணிகள் பச்சை முட்டை சாப்பிடலாம் என்று தொலைபேசியில் சொல்லக்கூடும். அவர் சொல்வது பொய்யல்ல. பிரித்தானிய உணவுத் தர நிறுவனம் 2017இல் அவ்வாறுதான் அறிவித்தது. ஆனால் அது தடுப்பூசி ஏற்றிய கோழிகளிலிருந்து பெற்று, சிங்க முத்திரை பதித்து விற்கப்படும் முட்டைகளுக்கு மட்டுமே பொருந்தும். நம் சந்தை முட்டைக்கு அந்த அறிவிப்பை எடுத்துக்கொள்ளக் கூடாது.

கொதிக்கக் கொதிக்கக் கோப்பியை ஊற்றினால் முட்டை வெந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்வதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முட்டை கலந்த பானம் 71 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்டினால்தான் சல்மொனெல்லா அழிந்தது என்று கொள்ளலாம். 85 பாகையிலுள்ள 100 மில்லிலீற்றர் கோப்பியை, அறை வெப்பத்திலுள்ள ஒரு முட்டையில் ஊற்றினால் கலவை 70 பாகையைக்கூட எட்டாது. பேணி இழுத்துக்கொள்ளும் சூட்டையும், நுரை வர ஆற்றும்போது போகும் சூட்டையும் சேர்த்தால் இன்னும் இறங்கிவிடும். வாயைச் சுடுவதால் மட்டும் முட்டை வெந்துவிட்டதாக எண்ணக் கூடாது.

ஆகவே முட்டையை அடுப்பிலேயே வேகவைக்க வேண்டும். இரண்டு முட்டைகளை இரண்டு மேசைக்கரண்டி சீனியுடன் நன்றாக அடித்து வைத்துக்கொள்ளுங்கள். அரை லீற்றர் பாலை, அது வீட்டு மாட்டுப் பாலானால் கட்டாயம் பொங்கக் காய்ச்சி, சற்றே ஆறவிடுங்கள். பின்னர் ஓர் அகப்பை பாலை நூல் போல முட்டையில் ஊற்றிக்கொண்டே விடாமல் அடியுங்கள். மொத்தப் பாலையும் ஒரேயடியாக ஊற்றினால் முட்டை திரிந்து கட்டியாகிவிடும். இன்னும் இரண்டு மூன்று அகப்பை இவ்வாறு சேர்த்தபின், கலவை முழுவதையும் பால் சட்டிக்கே மாற்றி, மெல்லிய நெருப்பில் அடி பிடிக்காமல் துழாவுங்கள். சில நிமிடங்களில் அது தடிக்கும். கரண்டியின் பின்புறத்தில் படிந்த படையில் விரலால் கோடிழுத்தால், அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் 75 பாகை வரை பார்த்து இறக்குவது இன்னும் நிச்சயமானது. சிறிது திரிந்துவிட்டாலும் கவலையில்லை, வடிகட்டினால் போதும். இறக்கியதும் ஏலக்காய்த் தூளோ ஒரு சிட்டிகை சாதிக்காயோ சேர்த்தால் முட்டை வெடுக்கு அடங்கும். முட்டைக்கோப்பிதான் வேண்டும் என்பவர், இதில் கடுங்கோப்பியைக் கலந்துகொள்ளலாம். ஒரு நாளில் உட்கொள்ளும் கஃபீன், தேத்தண்ணியில் உள்ளதையும் சேர்த்து, 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை இந்தப் பானத்துடன் விழுங்காதீர்கள். பாலும் கோப்பியும் அந்தச் சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

பிராந்தி ஒரு மூடி அளவுதானே என்பது அன்பினால் சொல்லப்படும் வார்த்தை என்றாலும், கர்ப்பகாலத்தில் பாதுகாப்பான மதுசார அளவு என்று எதுவும் அறியப்படவில்லை; அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு நேரே போய்ச் சேரும். அது கிருமியைக் கொன்றுவிடும் என்ற எண்ணமும் இந்த அளவுக்குப் பொருந்தாது. கடையில் வாங்கும் எக்நொக்கில் பாச்சரீகரிக்கப்பட்டது, அதாவது கிருமி அழியச் சூடாக்கப்பட்டது, என்ற குறிப்பும், மதுசாரம் இல்லை என்ற உறுதியும் இரண்டுமே இருக்க வேண்டும். கர்ப்பகால நீரிழிவு உள்ளவர்கள் சீனியைப் பற்றி முதலில் வைத்தியரைக் கேட்பது நல்லது.

காய்ச்சியதைச் சூட்டோடு குடிப்பதே சிறந்தது. நம் ஊர் வெக்கையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்காமல், சட்டியைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள்.

தெரியாமல் பச்சை முட்டை கலந்ததை ஏற்கெனவே குடித்துவிட்டவர் பதற வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒன்றும் நேராது. ஆனாலும் ஆறு மணித்தியாலம் முதல் ஆறு நாள்கள் வரை காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றோட்டம் வருகின்றனவா என்று கவனித்திருங்கள். வந்தால், உடலில் நீர் வற்றாமல் காக்கும் உப்புச்சீனித் தூளான ஜீவனியைக் கரைத்துக் குடித்தபடியே அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள். வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரையை மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிப் போடாமல், பச்சை முட்டை குடித்ததையும் எத்தனையாவது மாதம் என்பதையும் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.