ஓடைத் திரட்டியில் வலைப்பதிவு வாசித்தல்

விரும்பிப் படிக்கும் வலைப்பதிவுகளை நாள்தோறும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தேவையில்லை. ஃபீட்லி, இனோரீடர் போன்ற திரட்டிச் சேவை ஒன்றில் கணக்குத் தொடங்கி, பதிவின் முகவரியை அதன் தேடுபெட்டியில் ஒட்டினால், ஆர்எஸ்எஸ் ஓடையை (தளத்தின் புதிய இடுகைகளைப் பிற செயலிகள் படிக்கும் வடிவில் தரும் கோப்பு) அதுவே கண்டறிந்து புதிய இடுகைகளைத் திரட்டித் தரும். இலவசக் கணக்கில் ஓடைகளுக்கு வரம்பு உண்டு என்பதால், எப்போதாவது எழுதுபவர்களையே முதலில் சேருங்கள். அடிக்கடி எழுதுபவர்கள் எப்படியும் கண்ணில் படுவார்கள். எந்தத் திரட்டியும் நின்றுபோகலாம்; கூகுள் நடத்திய திரட்டியான கூகுள் ரீடரே 2013 ஜூலையில் மூடப்பட்டது. ஆகவே, சந்தாப் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக (ஓடைகளின் பட்டியலைச் சேமிக்கும் கோப்பு வகை) அவ்வப்போது தரவிறக்கி வைத்திருந்தால், ஒரு சேவை நின்றாலும் அதே பட்டியலை வேறொன்றில் ஏற்றிவிடலாம். கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் எழுதுபவர்கள், அமைப்புகள் பக்கத்தில் தள ஓடையை முழு இடுகையும் செல்லும்படி வைப்பது நல்லது. சுருக்கத்தை மட்டும் அனுப்பினால் வாசகர் தளத்துக்கு வந்துவிடுவார் என்ற கணக்கு பெரும்பாலும் பலிப்பதில்லை.