105.1 பெரிதா, 105.5 பெரிதா? பேஸ்பாலில் எறிவேகத்தை அளப்பது எப்படி

2010 செப்டம்பர் 24 அன்று சான் டியேகோவில், சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் அரோல்டிஸ் சாப்மன் எறிந்த பந்து மணிக்கு 105.1 மைல் என்று பதிவானது. 2024 செப்டம்பர் 3 அன்று ஏஞ்சல்ஸ் அணியின் பென் ஜாய்ஸ் 105.5 மைலைத் தொட்டார். ஆனாலும் சாதனை சாப்மனிடமே இருக்கிறது. காரணம், இரண்டு பந்துகளையும் ஒரே இடத்தில் அளக்கவில்லை. வேகத்தை அளக்கக் கற்பவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

படி 1: பந்து எங்கே எவ்வளவு வேகம் இழக்கிறது

மவுண்டில் (பந்து எறிபவர் நிற்கும் மேடு) உள்ள ரப்பர் பட்டைக்கும், மட்டையாளர் பக்கத்தில் நிற்கும் ஹோம் பிளேட் என்ற தரைத்தட்டின் பின்முனைக்கும் இடையே 18.44 மீட்டர். பிட்சர், அதாவது பந்து எறிபவர், முன்னால் பாய்ந்து எறிவதால் பந்து கையைவிட்டுப் போகும்போது சுமார் 16.6 மீட்டர்தான் மிச்சம். இந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் காற்று அதன் வேகத்தில் 8 முதல் 9 சதவீதத்தைத் தின்றுவிடும். நூறு மைல் வேகப் பந்துக்கு, 2 மீட்டருக்கு ஏறக்குறைய 1 மைல் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல்மட்டத்திலிருந்து உயரமான டென்வரில் காற்றின் அடர்த்தி குறைவு, ஆகவே இழப்பும் குறைவு.

படி 2: ரேடார் கன்னால் அளப்பது

ரேடார் கன் என்பது பந்தை நோக்கி ரேடார் அலையை அனுப்பி வேகத்தைக் காட்டும் கைக்கருவி. நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறும் டாப்ளர் விளைவுதான் இதன் அடிப்படை. 24.15 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் கன்னில், ஒவ்வொரு மைல் வேகத்துக்கும் திரும்பி வரும் அலையின் அதிர்வெண் 72 ஹெர்ட்ஸ் மாறும். கருவி தன்னை நோக்கி வரும் வேகத்தை மட்டுமே பார்க்கும், பக்கவாட்டு வேகம் அதற்குத் தெரியாது. எனவே கேட்சருக்கு (பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) நேர் பின்னால் வலைக்கு வெளியே, பந்தின் பாதைக்கு நேர்கோட்டில் நில்லுங்கள். 10 பாகை விலகினால் 1.5 சதவீதம் குறையும். 20 பாகை என்றால் 6 சதவீதம், அதாவது 100 மைல் பந்து 94 என்று காட்டும். உயரமான இருக்கையிலிருந்து கீழ்நோக்கிப் பிடித்தாலும் இதே பிழை வரும். கோணத்தால் அளவு குறையுமே தவிர அதிகரிக்காது.

கூடுதலாகக் காட்டினால் பெரும்பாலும் மட்டையின் வீச்சைக் கருவி பிடித்திருக்கும். சந்தேகம் வந்தால், கன்னோடு தரப்படும் இசைக்கவையைத் தட்டி முன்னால் பிடியுங்கள். கவையில் பொறித்த வேகமே திரையில் வர வேண்டும். வேறு அலைவரிசைக் கன்னின் கவை இதற்கு உதவாது.

படி 3: கன் இல்லையென்றால் கைபேசி

நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் கைபேசி போதும். மவுண்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவில், பாதைக்குச் செங்குத்தாக, 20 மீட்டர் தள்ளி முக்காலியில் வையுங்கள். ஷட்டரை 1/2000 நொடிக்குக் கொண்டுவாருங்கள். 1/240 நொடியில் பந்து 18 சென்டிமீட்டர் நகர்ந்து வெறும் கோடாகத் தெரியும். நல்ல வெயில் வேண்டும், செயற்கை விளக்கொளி சிமிட்டும்.

விரலைவிட்டுப் பந்து பிரியும் ஃபிரேமிலிருந்து பிளேட்டின் முன்விளிம்பைக் கடக்கும் ஃபிரேம் வரை எண்ணுங்கள். 92 ஃபிரேம் வந்தால் நேரம் 0.383 நொடி. தூரம் 16.2 மீட்டர் என்றால் நொடிக்கு 42.3 மீட்டர், அதாவது மணிக்கு 94.5 மைல். இது சராசரி வேகம். கையைவிட்ட கணத்து வேகத்துக்கு 1.045ஆல் பெருக்கினால் சுமார் 99 மைல்.

ஒரு ஃபிரேம் தவறினால் ஒரு மைல் போய்விடும். அதைவிட மோசமானது தூரப்பிழை: 30 சென்டிமீட்டர் தவறினால் கிட்டத்தட்ட 2 மைல். பிட்சரின் பாய்ச்சல் ஆளுக்கு ஆள் மாறும், எனவே 16.2 என்று கண்ணை மூடிக்கொண்டு போடாமல், அவர் பந்தை விடும் இடத்தை வீடியோவில் பார்த்து, டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். மெதுவாக்கி ஏற்றுமதி செய்த கோப்பில் எண்ணவே வேண்டாம், மூலக் கோப்பின் நேரக்குறிகளே நம்பத்தக்கவை.

படி 4: சாதனைகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவருதல்

சாப்மனின் 105.1, பிட்ச் எஃப்எக்ஸ் கேமராக்கள் பிளேட்டிலிருந்து 50 அடியில், அதாவது 15.24 மீட்டரில் கணித்த வேகம். கையைவிட்ட இடம் அதற்கும் சுமார் 1.4 மீட்டர் முன்னால். படி 1-இன் கணக்கில் 0.7 கூட்டினால் 105.8. இன்றைய அதிகாரபூர்வ எண்ணும் அதுதான், கிலோமீட்டரில் 170.3. அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கின் அளவீட்டு முறை ஸ்டாட்காஸ்ட், 2017 முதல் கையைவிட்ட கணத்து வேகத்தையே தருகிறது. 2020 முதல் இந்த வேலையைச் செய்பவை ஹாக்-ஐ கேமராக்கள். ஜாய்ஸின் 105.5 அப்படி வந்ததால் அதில் கூட்ட ஒன்றுமில்லை.

பழைய பிட்சர்களில் நோலன் ரயன் 1974இல் அனஹைமில் எறிந்த 100.9 மைல், பிளேட்டுக்குச் சுமார் 10 அடி முன்னால் அளக்கப்பட்டது. அங்கிருந்து 50 அடிக் குறிக்கு 12 மீட்டர், ஆக 6 மைல் கூடி அந்தக் குறியில் 107ஐ நெருங்கும். சிலர் 108 என்றும் கணக்கிடுகிறார்கள். பாப் ஃபெல்லர் 1946இல் வாஷிங்டனில் ராணுவக் கருவி முன் எறிந்த 98.6 பிளேட்டருகே அளந்தது, அதுவும் இதே முறையில் 106ஐத் தாண்டும். ரயன் சாப்மனை மிஞ்சியிருக்கலாம் என்பது நியாயமான கருத்துதான். ஆனால் இழப்பு விகிதத்தைச் சற்று மாற்றினாலே இந்த மதிப்பீடுகள் ஒன்றிரண்டு மைல் நகர்ந்துவிடும், சாப்மனின் எண்ணுக்கோ 0.7 மட்டுமே கூட்ட வேண்டியிருந்தது. குறிப்பேட்டில் எழுதும்போது வேகத்துக்குப் பக்கத்தில் அளந்த தூரத்தையும் கருவியையும் எழுதி, திருத்திய எண்ணைத் தனிக் கட்டத்தில் போடுங்கள்.