காவிரித் தண்ணீர் வடிக்கும் மெம்பரேனுக்கு டோபமைன் பூச்சு

மேட்டூர் திறந்து வாய்க்காலுக்கு வரும் புதுத்தண்ணீரை 0.22 மைக்ரான் துளையுள்ள பிவிடிஎஃப் மெம்பரேனில் (நுண்துளைச் சவ்வில்) வடித்தால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். வண்டல் பாதிக் காரணம்தான். பிவிடிஎஃப் நீரை விலக்கும் பிளாஸ்டிக் என்பதால், மக்கிய இலைதழைச் சாறும் புரதமும் அதில் அப்பிக்கொள்கின்றன. நீர் ஒட்டும்படி மேற்பரப்பை மாற்றினால் அப்புவது குறையும். அதற்கு எளிய வழி, டோபமைன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து உருவாகும் பாலிடோபமைன் பூச்சு.

100 மி.லி.க்கு வேண்டியவை: டிரிஸ் (பி.எச். என்னும் அமில-கார அளவை நிலையாக வைக்கும் பொருள்) 0.121 கிராம், டோபமைன் ஹைட்ரோகுளோரைடு 0.2 கிராம், 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஐசோபுரோப்பனால், காய்ச்சி வடித்த நீர், 47 மி.மீ. வட்ட மெம்பரேன். கடையில் நீர் ஏற்கும் பிவிடிஎஃப்பும் உண்டு; இங்கே வேண்டியது நீரை விலக்கும் வகை, பார்த்து வாங்குங்கள். கையுறை கட்டாயம், கறை லேசில் போகாது.

1. டிரிஸை 90 மி.லி. நீரில் கரைத்து, பி.எச். 8.5 வரும்வரை அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்; ஐந்தாறு சொட்டு போதும். பிறகு 100 மி.லி. ஆக்குங்கள். சூடு ஒரு டிகிரி ஏறினால் டிரிஸின் பி.எச். ஏறக்குறைய 0.03 இறங்கும். 25 டிகிரி ஏசி அறையில் சரிசெய்ததை, சித்திரை மாதம் 35 டிகிரியில் கிடக்கும் கும்பகோணத்து மாடி அறையில் வைத்தால் 8.2தான் இருக்கும். வேலை நடக்கும் சூட்டிலேயே அளவெடுங்கள்.

2. மெம்பரேனை ஐசோபுரோப்பனாலில் நனையுங்கள். வெள்ளை மாறி, ஒளி ஊடுருவும்படி ஆனதும் காயவிடாமல் நீருக்கு மாற்றுங்கள். இதை விட்டால் துளைகளில் காற்று நிற்கும், பூச்சு வெளிப்புறத்தோடு நின்றுவிடும்.

3. டோபமைனைக் கடைசியில்தான் போட வேண்டும். கரைந்த உடனே மெம்பரேனை இறக்கி, அகலமான திறந்த பாத்திரத்தில் மெதுவாகக் குலுக்குங்கள். நிறம் இளஞ்சிவப்பாகி, பழுப்பாகி, கறுக்கும். நிறம் ஏறவில்லையா? பி.எச். குறைவு, அல்லது காற்று போதவில்லை. இந்த வினைக்கு ஆக்சிஜன் வேண்டும். மூடிய பாட்டிலில் செய்யாதீர்கள்.

முதல்முறை 2 மணி நேரம் போதும். ஒரு நாள் முழுக்க விட்டால் பூச்சு 50 நானோமீட்டர் வரை தடிக்கும். 220 நானோமீட்டர் (அதாவது 0.22 மைக்ரான்) துளையில் இரு பக்கமும் 50 போனால் மிச்சம் 120தான். கறுப்பு நன்றாக ஏறட்டும் என்று காத்திருப்பதுதான் பலரும் செய்யும் தவறு. கரைசலில் உருவாகும் கருந்துகள்களும் துளையில் படியும், அதனால் மெம்பரேனைச் செங்குத்தாக நிறுத்துங்கள்.

4. கழுவும் நீர் தெளியும்வரை அலசி, 40 டிகிரியில் உலர்த்துங்கள். ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள்: முத்தாக நின்றால் பூச்சு ஏறவில்லை, பரவினால் சரி.

அடைத்தால் பின்புறமிருந்து நீர் விட்டு அலசுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலும் காஸ்டிக் சோடாவும் பூச்சை அரித்துவிடும். வேதாரண்யம் பக்கத்து உப்புத்தண்ணீருக்கு இந்த மெம்பரேன் உதவாது. கரைந்த உப்பு இந்தத் துளையில் தாராளமாகப் போய்விடும்.