முற்றத்துத் தூணுக்கு பாலிஷா, எண்ணெயா?

கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பழைய வீட்டைச் செப்பனிடும்போது தேக்குத் தூணையும் கதவு நிலையையும் மெஷின் போட்டுத் தேய்க்கவிடாதீர்கள். செதுக்கல் மழுங்கும், ஏறிய நிறமும் போய்விடும்.

முதலில் பழைய பூச்சு என்னவென்று பாருங்கள். கண்ணில் படாத மூலையில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை ஒரு நிமிஷம் வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு பாலிஷ். அழுக்கைத் துடைத்து அதன் மேலேயே புது அரக்கு ஏற்றலாம். அசையாவிட்டால் பெரும்பாலும் வார்னிஷ். பழைய பெயிண்ட் என்றால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது, ஈயம் இருக்கலாம், ஈரப்படுத்திச் சுரண்டுங்கள்.

முற்றத்து ஓரத் தூணில் சாரல் அடிக்கும். அங்கே பி.யூ. (பாலியூரித்தேன்) பளபளப்புப் பூச்சு வேண்டாம்: விரிசல் வழியே இறங்கிய தண்ணீர் வெளியேற முடியாமல் பூச்சு உரியும். கடையில் கிடைக்கும் டபுள் பாயில்டு லின்சீட் ஆயிலையும் (ஆளி விதை எண்ணெய்) டர்பன்டைனையும் சரிக்குச் சரி கலந்து துணியால் தேயுங்கள். 20 நிமிஷத்தில் மிச்சத்தைத் துடைக்காவிட்டால் பசை மாதிரி ஒட்டும், அப்புறம் தெருத்தூசி எல்லாம் தூணில்தான். இரண்டாவது கை (பூச்சு) 2 நாள் கழித்து. ஐப்பசி, கார்த்திகையில் காயாது. மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி வையுங்கள்.