ஆள் புழங்கும் அறையைக் கணினியில் வரைவது

அடுக்ககம் கட்டுபவர்களுக்காக பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் ஹால், சமையலறை, படுக்கையறை என்று வரைந்து தருவது என் தொழில். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: அளவெல்லாம் சரியாக இருந்தும் அறை ஏன் ஷோரூம் போலவே தெரிகிறது? உடனே மேசை நிறையப் புத்தகமும் பூச்சாடியும் அடுக்குவார்கள். சாமான் கூடுமே தவிர, ஆள் புழங்கிய களை வராது. எந்தப் பொருளை வைத்தாலும், அதைக் கடைசியாகத் தொட்டவர் யார், எந்தப் பக்கமிருந்து வந்து தொட்டார் என்று முடிவு செய்துவிட்டு வையுங்கள்.

சென்னை வீட்டு ஹால் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்விட்ச் போர்டு தரையிலிருந்து ஏறத்தாழ நான்கடி உயரத்தில் இருக்கும். இருட்டில் உள்ளே வருகிறவரின் கை முதலில் சுவரைத் தடவும். பிறகுதான் ஸ்விட்ச் அகப்படும். அதனால் கறை போர்டைச் சுற்றி வட்டமாக விழாது. கதவு இருக்கும் பக்கம் நீண்டு கிடக்கும். சிறு பிள்ளைகள் உள்ள வீடென்றால் கீழேயும் இறங்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: கை எண்ணெய் பட்டுப்பட்டு அந்த இடத்தில் பெயின்ட் லேசாக மினுங்கும். ஆகவே நிறத்தை மட்டும் கறுப்பாக்கினால் பொய்யாகத் தெரியும். கறை எங்கே விழ வேண்டும் என்று காட்டும் மாஸ்க் ஒன்றைக் கையால் தீட்டி, அதில் ஒழுங்கற்ற திட்டுகளைத் தரும் நாய்ஸ் டெக்ஸ்சரைக் கலந்து விளிம்பை உடையுங்கள். சுவரின் ரஃப்னஸ் (சொரசொரப்பு; குறைந்தால் மினுக்கம் கூடும்) 0.7 என்றால் கறையில் 0.5 வரை இறக்குங்கள். நிறத்தை ஒரு சாயல் குறைத்தால் போதும். பார்த்தவுடன் கறை கண்ணில் பட்டால் அது அதிகம். அப்படிப் பட்டால் கட்டுநர் அதை எடுக்கச் சொல்வார், சொல்வதும் நியாயமே.

மற்ற இடங்களுக்கும் இதே கணக்குதான். வாசலிலிருந்து சமையலறைக்கு நடக்கும் தடத்தில் டைல்ஸின் பளபளப்பு கொஞ்சம் மங்க வேண்டும். மூன்று பேர் அமரும் சோபாவில், மின்விசிறிக்குக் கீழே டிவியைப் பார்த்த மூலைதான் அதிகம் அமுங்கியிருக்கும். நாற்காலியை எழுந்து போனவர் தள்ளிய கோணத்தில் விடுங்கள். மின்விசிறி இறக்கையில் தூசி, காற்றைக் கிழிக்கும் முன்விளிம்பில்தான் கறுத்துப் படியும்; இறக்கை முழுவதும் சாம்பல் நிறம் பூசுவது தவறு.

மரச்சாமான்களின் விளிம்புகளுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பெவல், அதாவது விளிம்பு மழுக்கல், கொடுங்கள். நிஜத்தில் கத்தி போன்ற விளிம்பு கிடையாது; ஒளி பிடிப்பது அந்தச் சின்ன வளைவில்தான்.

வெள்ளைச் சுவரின் நிறத்துக்கு, முழு வெண்மையான 1.0 மதிப்பைக் கொடுத்துவிடாதீர்கள். விழும் ஒளி முழுவதையும் திருப்பியனுப்பும் பெயின்ட் உலகில் இல்லை. 0.8-ஐத் தாண்ட வேண்டாம். மூலைகளில் நிழல் தானாகவே தங்கும். டியூப்லைட்டுக்கு, ஒளியின் நிறத்தை வெப்பநிலையாகக் கொடுக்கும் பிளாக்பாடி நோடில் 6500 கெல்வின், பூஜையறையின் மஞ்சள் பல்புக்கு 2700. இரண்டும் ஒரே சட்டகத்தில் மோதட்டும்; நம் வீடுகளில் மாலை நேரம் அப்படித்தான் இருக்கிறது. ஜன்னல் வெளுத்துப் போகிறதென்றால், கணக்கிட்ட ஒளியைத் திரைக்கேற்ற நிறமாக மாற்றும் வியூ டிரான்ஸ்ஃபார்ம் அமைப்பைப் பாருங்கள். 2023-இல் வந்த பிளெண்டர் 4.0 முதல் அதில் இயல்பாக அமைந்திருக்கும் ஏஜிஎக்ஸ் என்ற தேர்வு, அதிக வெளிச்சத்தை மெதுவாகத் தணித்துக் காட்டும்.

கேமராவை நான்கடி உயரத்தில், சாய்க்காமல் நேராக வையுங்கள். மேலோ கீழோ பார்க்க வேண்டுமானால், கேமராவைச் சாய்க்காமலே காட்சியை நகர்த்தும் லென்ஸ் ஷிஃப்ட் இருக்கிறது. அறையைப் பெரிதாகக் காட்ட 16 மில்லிமீட்டர் அகலக்கோண லென்ஸுக்குப் போகச் சொல்வார்கள். நான் 24-க்குக் கீழே இறங்குவதில்லை. இறங்கினால் ஓரத்தில் இருக்கும் சோபா படகாக நீண்டுவிடும்.

கடைசியில், படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் டீநாய்சரிடம் எச்சரிக்கை தேவை. சாம்பிள் (ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளியைக் கணக்கிடும் தடவைகள்) குறைவாக இருந்தால், நீங்கள் பாடுபட்டுத் தீட்டிய அந்த மெல்லிய கறையையும் இரைச்சல் என்று நினைத்து வழித்துவிடும். பரப்பின் நிறத்தைச் சொல்லும் ஆல்பிடோ, பரப்பு நோக்கும் திசையைச் சொல்லும் நார்மல் என்ற பாஸ்கள் இரண்டையும் அதற்குக் கொடுங்கள், சாம்பிளைக் கூட்டுங்கள். ரெண்டர், அதாவது இறுதிப் படம், முடிந்ததும் ஸ்விட்ச் போர்டு இருக்கும் பகுதியை நூறு சதவீத அளவில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.